ஒன்பது பேரும் ஒரு யானைக் கேள்வியும்

தேர்வுக் கண்காணிப்பு வேலை என்றதும் இளம் ஆசிரியர்களான உங்களில் சிலருக்குத் தலைவலி வந்துவிடுகிறதாம். சிலருக்கு மெயின்லேண்டில் சித்தப்பா இறந்துபோகிறாராம். ஒருவருக்கு ஒரே சித்தப்பா இரண்டு தடவை இறந்திருக்கிறார் என்று கேள்வி. நான் உங்களைக் குறை சொல்ல வரவில்லை. எனக்கு அந்த வேலை முதன்முதலாக வந்தபோது சித்தப்பாவைக் கொல்லத் தோன்றவில்லையே என்று இன்றுவரை வருத்தம் உண்டு. பாடம் நடத்துவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை; முப்பது வருடம் நடத்தியும் எனக்கு அது பிடிபடவில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதை மட்டும் சொல்கிறேன். அதைப் படாதபாடு பட்டுக் கற்றேன்.

எழுபதுகளின் தொடக்கம். இன்று நீங்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, மின்விசிறி சத்தம் போடுகிறது என்று மனு எழுதுகிற இந்தக் கல்லூரி, அப்போது மாயாபந்தர் ஜெட்டியிலிருந்து அரைமணி நடையில் இருந்த ஒரு பழைய மரக்கிடங்கு. வனத்துறை வேண்டாமென்று விட்டது. நடுவில் மூங்கில் தட்டி கட்டி இரண்டு வகுப்பாக்கியிருந்தோம். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் வரலாறு நடத்தினால் அந்தப் பக்கம் பொருளாதாரக்காரர்களும் சேர்ந்து கேட்டாக வேண்டும். பெஞ்செல்லாம் படாக் மரம். ஒன்றை நகர்த்த ஆறு பேர் வேண்டும் என்பதால் முதல் நாள் போட்ட இடத்திலேயே கடைசிவரை கிடந்தன. ஆசிரியர்கள் மூன்று பேர், அலமாரிகள் இரண்டு, கழிப்பறை ஒன்று. வெளியே தினமும் வனத்துறை யானைகள் கட்டை இழுத்துக்கொண்டு போகும். யானை போகும்போது வகுப்பை நிறுத்திவிடுவோம். நிறுத்தாவிட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். எங்கள் ஆட்கள் இந்தத் தீவுக்கு வந்ததெல்லாம் மீன் பிடிக்கத்தான். குடும்பத்தில் மீன் பிடிக்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால், கப்பலேறி வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் என்னைச் சற்றுச் சந்தேகமாகவே பார்த்தார்கள்.

பி.ஏ. முதல் அணியில் ஒன்பது பேர். எல்லாரும் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள். ஊர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அப்பாராவ், வனத்துறைக் குமாஸ்தா வாசு, பள்ளிக்கூட வாத்தியார்கள் நாலு பேர், படகு வைத்திருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே பெண்ணாகச் செண்பகம். செண்பகத்தின் புருஷன் மாரியப்பன் ஊரின் வயர்லெஸ் ஆபரேட்டர். மதுரைப் பக்கத்துக்காரர். தீவுக்கு வெளியே இருந்து எந்தச் செய்தி வந்தாலும் அவர் காது வழியாகத்தான் வரவேண்டும். அதனால் அவர் நடையே தனி.

அதுவரை பட்டத் தேர்வு எழுதக் கப்பலேறிப் போர்ட் பிளேர் போகவேண்டும். மாதக்கணக்கில் அங்கே ஷாதிபூரில் யார் வீட்டுக் கூடத்திலாவது படுத்துக் கிடக்க வேண்டும். கம்பவுண்டருக்கு அவ்வளவு லீவு கிடைக்காது. செண்பகத்தை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். அந்த வருடம்தான் பல்கலைக்கழகம் பரீட்சார்த்தமாக எங்களுக்கே தேர்வு மையம் கொடுத்தது. சிறு முறைகேடு நடந்தாலும் மையம் ரத்து. மையம் போனால் பி.ஏ. வகுப்பும் போகும், பி.ஏ. போனால் நாங்கள் மூங்கில் தட்டியைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். தலைமைக் கண்காணிப்பாளர் நான்.

மற்ற தாள்களெல்லாம் முந்தைய கப்பலில் வந்து, எழுதியும் முடித்தாயிற்று. வரலாற்றுத் தாள் கட்டு மட்டும் மெயின்லேண்டிலேயே தங்கிவிட்டது. திங்கட்கிழமை பத்து மணிக்குத் தேர்வு. அன்று காலை மாரியப்பன் ஒரு தந்தியோடு வந்தார். தாள் வெள்ளிக்கிழமைக் கப்பலில்தான் வரும்; பத்து மணி முதல், வினாக்களை அறிந்த எவரோடும் தேர்வர்களுக்குத் தொடர்பில்லாமல் தனியே வைக்கவும்; அவ்வாறு வைத்ததாகச் சான்றளிக்கவும். இதுதான் தந்தி.

எங்கள் பிரின்சிபால் வங்காளத்துப் பெரியவர். சட்டத்தைச் சாப்பாட்டோடு பிசைந்து தின்கிற ரகம். அவர் யோசித்த விதம் இது. பத்து மணிக்கு மேல் மெயின்லேண்டில் ஆயிரக்கணக்கான பேருக்குக் கேள்விகள் தெரிந்துவிடும். அந்த ஆயிரத்தில் ஒருவனுக்காவது மாயாபந்தரில் சொந்தக்காரன் இருப்பான். அந்தச் சொந்தக்காரன் யாரென்று நமக்குத் தெரியாது. ஆகவே ஊரில் எவனையும் நம்ப முடியாது. எல்லாரிடமிருந்தும் பிரித்துவிடு.

கப்பலே வராத ஊருக்குக் கேள்வி மட்டும் எப்படி வரும் என்று கேட்டேன். அவர் மாரியப்பனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாரியப்பன் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.

பத்து மணிக்கு ஒன்பது பேரையும் கிடங்குக்குள் விட்டுப் பூட்டினோம். சுற்றிலும் கயிறு கட்டினோம். செண்பகத்துக்கு நூலக அலமாரிகளை மறைப்பாக வைத்து ஒரு மூலை. துணைக்குப் பிரின்சிபாலின் மனைவி. அந்த அம்மாளுக்கு வங்காளம் தவிர வேறு மொழி வராது என்பதால் ஆபத்தில்லை என்று முடிவாயிற்று. பக்கத்து வீட்டில் ஒரு கிளி இருந்தது. அது இந்தியில் நாலைந்து கெட்ட வார்த்தை பேசும், வரலாறு பேசாது. ஆனாலும் பேசுகிற பிராணி என்பதால் அதையும் கூண்டோடு அப்புறப்படுத்தச் சொன்னார் பிரின்சிபால்.

காவல் நான்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வீடுகளிலிருந்து வந்த சாப்பாட்டை நான் சோதித்த பிறகுதான் உள்ளே விட்டேன். முழுமீன் வந்தால் குச்சியால் வயிற்றைக் குத்திப் பார்த்தேன், துண்டுச்சீட்டு இருக்குமோ என்று. கம்பவுண்டர் உள்ளே இருந்ததால் நோயாளிகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வரிசையாக வந்து நின்றார்கள். நான் நடுவில் நின்று ஒவ்வொரு பேச்சையும் நோட்டில் எழுதினேன். நோயாளி, பெண், மூன்று நாளாக வயிற்றோட்டம், வரலாற்றுத் தொடர்பு இல்லை. நோயாளி, முதியவர், முதுகில் கட்டி, வரலாற்றுத் தொடர்பு இல்லை. அந்த நோட்டு நெடுநாள் என்னிடம் இருந்தது.

மாலையில் மாரியப்பன் ஒரு சோடா பாட்டிலோடு வந்து கயிற்றுக்கு வெளியே நின்றார். அவரை மட்டும் கயிற்றிலிருந்து இருபது அடி தள்ளி நிறுத்தினேன்.

“மாஸ்டர்ஜி, எம் பொண்டாட்டிக்கு வெயில் ஒத்துக்காது. சோடா குடிக்கிறியான்னு ஒரு வார்த்த கேக்கணும். இது பேப்பர்ல வர்ற கொஸ்டினா?”

வராது, ஆனால் பதில் வேறு ஏதாவதின் சைகையாக இருக்கலாம் என்றேன். அவர் அந்தச் சோடாவை என் கண் முன்னாலேயே, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை தானே குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஒன்பது பேரும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே வழக்கம்போல ஒரு யானை பெரிய கட்டையை இழுத்துக்கொண்டு போயிற்று. எல்லாரும் ஜன்னலுக்குப் போனார்கள். வாசு திரும்பி வந்து, சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

“சாரே, அந்தக் காலத்துப் படையில யானைய வெச்சு உபயோகம் அதிகமா, உபத்திரவம் அதிகமா? இது பரீட்சைக்கு வருமோ?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு ஓர் இரகசியக் கடிதம் வந்திருந்தது. வரலாற்றுத் தாளுக்கு எட்டுக் கேள்வி எழுதி அனுப்பு, யாரிடமும் சொல்லாதே என்று. இரண்டு மூன்று பேரிடம் இப்படி வாங்கி ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். எதை எடுத்தார்கள் என்று எழுதியவனுக்கே தெரியாது. ஏழு கேள்வி சுலபமாக எழுதிவிட்டேன். எட்டாவது வரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன், யானை போயிற்று. ‘இடைக்காலப் படைகளில் யானைகளின் பயனும் குறையும்’ என்று எழுதி, ஒட்டி, பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டு, சுத்தமாக மறந்துவிட்டேன்.

இந்தத் தீவில் வினாக்களை அறிந்த மனிதன் ஒருவன் இருக்கக்கூடும் என்றால் அது நான். கிளியை விரட்டி, மீனைக் குத்தி, புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து வைத்துவிட்டு, அந்த ஒன்பது பேர் நடுவில் முழுதாக ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்திருப்பவனும் நான்.

வாசுவை ஒருமுறை பார்த்தேன். யானையை ஒருமுறை பார்த்தேன். பிறகு ஓடினேன். உண்மையாகவே ஓடினேன், ஒரு செருப்பு உள்ளேயே கிடந்தது. கயிற்றுக்கு வெளியே போய் நின்றுதான் மூச்சு விட்டேன்.

அதன் பிறகு நான் யாரோடும் பேசவில்லை. யார் எதைக் கேட்டாலும் கையை ஆட்டினேன். மௌன விரதம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற நீங்கள் எப்போதிருந்து மௌன விரதம் இருக்கிறீர்கள் என்று வாத்தியார்கள் கேட்டார்கள். அதற்கும் கையை ஆட்டினேன். புதன் மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரம் கொடுக்க உள்ளே போனபோது அப்பாராவ் பிடித்துக்கொண்டார். தொண்டையில் ஏதோ கட்டியிருக்கிறது என்பது அவர் தீர்மானம். படகுக்காரச் சகோதரர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்ள, என் வாயைத் திறந்து அயோடின் மருந்தைப் பஞ்சில் நனைத்துத் தொண்டை முழுவதும் தடவிவிட்டார். அலறினேன். பேச்சு வந்துவிட்டது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

இதற்கு மேல் தாங்காது. நேராகப் பிரின்சிபால் வீட்டுக்குப் போனேன். அவர் மத்தியானச் சாப்பாட்டில் உட்கார்ந்து மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னால் இரகசியம் போயிற்று, சொல்லாவிட்டால் பொய்ச் சான்றிதழில் கையெழுத்து. எப்படியும் மாட்டிக்கொண்டேன், ஆனால் அந்த ஒன்பது பேர் என்ன தப்புச் செய்தார்கள், அவர்கள் ஒரு வருடம் என்னால் போகக் கூடாது என்றேன். குரல் தழுதழுத்தது. பாதி துக்கம், பாதி அயோடின்.

அவர் ஒரு முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

“அவங்ககிட்ட என்ன சொன்னே?”

“ஒண்ணும் சொல்லல சார்.”

“பின்னே என்ன பண்ணினே?”

“ஓடிட்டேன்.”

“ஓடக் கூடாதுன்னு ரூல்ல இல்ல” என்றார். அடுத்த முள்ளுக்குப் போனவர் பாதியில் நிறுத்தினார். அவர் முகம் அவ்வளவு பிரகாசமாகி நான் பார்த்ததில்லை. தெரிந்தவன் யாரென்று தெரியாததால்தானே ஒன்பது பேரை அடைத்தோம், இப்போது தெரிந்துவிட்டதே என்றார். தந்தி சொல்வது இரண்டு தரப்பும் தனித்தனியாக இருக்கவேண்டும் என்பதைத்தான். எந்தத் தரப்பை அடைப்பது என்று சொல்லவில்லை.

ஒரு மணிக்கு ஒன்பது பேரையும் விட்டார்கள். என்னை உள்ளே தள்ளிப் பூட்டினார்கள்.

காவலுக்கு யார் என்பதில்தான் அவருடைய மேதைமை. வயர்லெஸ் வேலை காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அந்த நேரம் பிரின்சிபாலே பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். மீதி நேரமெல்லாம் மாரியப்பன் எனக்குக் காவல். தீவின் இரண்டு ஆபத்துகளையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தாகிவிட்டது.

மாரியப்பனுக்குக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. அவர் கேட்கவும் இல்லை. என் சாப்பாடு வந்ததும் மீனை எடுத்துக் குச்சியால் குத்தினார். முதலில் வயிற்றில், பிறகு தலையில், பிறகு இன்னொரு தடவை வயிற்றில். சோற்றையும் குத்தினார். ஊறுகாயில் குத்துவதற்கு எதுவும் இல்லாததால் அதை முகர்ந்து பார்த்தார். நான் சோப்புக் கேட்டபோது அதை இரண்டாக வெட்டிக் கொடுத்தார். மாலையில் ஒரு சோடா பாட்டில் கொண்டுவந்து, ஜன்னலுக்கு வெளியே இருபது அடி தள்ளி நின்றுகொண்டு, குடித்தார். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

வியாழக்கிழமை ஜன்னல் வழியே பார்த்தபோது ஒன்பது பேரும் நோட்டுப் புத்தகங்களோடு வரிசையாக யானை முகாமுக்குப் போகிற பாதையில் போனார்கள். வாசு முன்னால். செண்பகம் குடை பிடித்திருந்தாள். பாவம், இரண்டு நாள் அடைந்து கிடந்தவர்கள், சற்றுக் காற்றாட யானை பார்த்துவிட்டு வரட்டும் என்று நினைத்தேன். என் மனம் நெகிழ்ந்தது என்றுகூடச் சொல்லலாம். மறுநாள் காலையிலும் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கப்பலிலிருந்து லாஞ்சில் கட்டு வந்தது. என்னை அங்கிருந்து நூலகப் பெட்டிகள் கிடந்த சாய்ப்புக் கொட்டகைக்கு மாற்றிவிட்டு, பிரின்சிபாலே சீல் உடைத்துத் தாள் கொடுத்தார். தேர்வு தொடங்கி அரைமணி ஆனதும் கதவுச் சந்து வழியாக ஒரு வினாத்தாள் என்னிடம் வந்தது. பிரித்தேன்.

என் கேள்வி ஒன்றுகூட இல்லை. எட்டும் வேறு யாரோ எழுதியவை. யானையின் வால்கூட இல்லை.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மாதாவுக்கு நன்றி சொன்னேன். ஒன்பது பேரும் பிழைத்தார்கள், மையம் பிழைத்தது, நான் பிழைத்தேன். அந்த நிம்மதி ஐந்து நிமிடம் இருந்தது. ஆறாவது நிமிடம் மனம் வேறு மாதிரி போயிற்று. என் எட்டுக் கேள்விக்கு என்ன குறை? இந்த மூன்றாவது கேள்வியெல்லாம் ஒரு கேள்வியா? இதை எடுத்தவர்கள் என்னுடையதை ஏன் எடுக்கவில்லை? வெளியே விட்டபோது நான் உண்மையிலேயே கோபமாக இருந்தேன்.

அதைவிடக் கோபமாக ஒன்பது பேர் வாசலில் நின்றார்கள். யாரும் வணக்கம் சொல்லவில்லை. செண்பகம்தான் பேசினாள்.

“ஏன் சார் அன்னிக்கு அப்படி ஓடுனீங்க?”

உடம்பு சரியில்லை என்றேன்.

“வாசு அண்ணன் யானைன்னு கேட்டாரு, நீங்க வாயப் பொளந்தீங்க, செருப்பக்கூட எடுக்காம ஓடுனீங்க. வேற எந்தக் கேள்விக்காச்சும் ஓடியிருக்கீங்களா? அதான் வருதுன்னு மத்த எல்லாத்தையும் மூடி வெச்சிட்டு, ரெண்டு நாளு மாவுத்தன்கிட்ட உக்காந்து யானையவே படிச்சோம். பதினோரு பக்கம் மனப்பாடம் சார். யானைக்குக் கால் நகத்தோரம் மட்டும்தான் வேர்க்கும்னுகூடத் தெரியும்.”

யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேசாமல், ஒரு சீட்டு நகராமல், நான் என் தாளை ஒன்பது பேருக்கும் மொத்தமாக வெளியிட்டிருக்கிறேன். கால்களால்.

சரி, தாளில் யானை இல்லையே, பிறகு என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்ததை வீணாக்க மனசு வரவில்லை என்றார் அப்பாராவ்.

என்ன எழுதினார்கள் என்பது நாலு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. கப்பல் தபாலில் வந்ததை மாரியப்பன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார். ஒன்பது பேரும் வந்து நின்றார்கள். பிரின்சிபால் உரக்கப் படித்தார். அந்தத் தீவு மையத்தின் தேர்வர்கள் ஒன்பது பேரும் எல்லா விடைகளிலும், கடல் வாணிகம், கோயில் கட்டடக்கலை, பக்தி இயக்கம் உட்பட, யானையைப் பற்றி விரிவாக எழுதியிருப்பதாகத் திருத்தியவர் குறிப்பிட்டிருக்கிறார். ஒரே மாதிரி எழுதியிருப்பதால் முறைகேடு நடந்ததா என்று குழு கூடி ஆராய்ந்தது.

இந்த இடத்தில் பிரின்சிபால் தண்ணீர் குடித்தார். செண்பகம் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் மேலே படித்தார். வினாத்தாள் முன்கூட்டியே தெரிந்திருந்தால் எவரும் யானையைப் படித்திருக்க மாட்டார்கள் என்பது குழுவின் ஒருமித்த கருத்து. ஆகவே அந்த மையத்தின் நேர்மையில் ஐயமில்லை. மையம் நிரந்தரமாக்கப்படுகிறது.

ஒன்பது பேரும் மயிரிழையில் தேறியிருந்தார்கள். அதிக மதிப்பெண் செண்பகத்துக்கு. யானையைக் கோயில் திருவிழாவோடு சேர்த்து எழுதியது அவள் மட்டும்தானாம்.

உங்கள் பி.ஏ., எம்.ஏ., இந்தக் கட்டடம், சத்தம் போடும் மின்விசிறி எல்லாம் அந்தக் கடிதத்திலிருந்து வந்தவை. அதனால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இரகசியம் உங்களிடம் இருந்தால் நாக்கைக் கட்டினால் போதாது. மாணவன் எதைக் காட்டி வருமா என்று கேட்டாலும், வரும், எல்லாம் வரும், படி என்று ஒரே முகத்தோடு சொல்லுங்கள். முக்கியமாக, நின்ற இடத்தில் நில்லுங்கள்.

எனக்கு இது தெரிவதற்குள் காலம் கடந்துவிட்டது. அடுத்த வருட மாணவர்கள் என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. முன் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, கையில் பென்சிலோடு, பாடத்தை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் முழுவதும் எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. வலித்து முகம் சுளித்த இடத்திலெல்லாம் அவர்கள் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டார்கள்.